வீட்டில் கலந்த சென்ட் சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் டாமானில் (குடியிருப்பில்), நான் வீட்டிலேயே சென்ட் கலக்குகிறேன் என்பது வெளியே தெரிந்ததிலிருந்து, கெட்டுப்போன பாட்டில்கள் என் வாசலுக்கு வந்து சேர்கின்றன. ஒன்று கலங்கியிருக்கும், ஒன்று கறுத்திருக்கும், ஒன்றின் மூடியைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் வரும். "என்னாச்சுன்னு கொஞ்சம் பாருக்கா" என்று கையில் கொடுத்துவிட்டு நிற்பார்கள்.

பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டது இதுதான்: முக்கால்வாசிக் கோளாறு, ஏதோ ஒரு வழியில் உள்ளே புகுந்த தண்ணீரால் வருகிறது, இல்லாவிட்டால் எடை போடாமல் சொட்டு எண்ணியதால் வருகிறது. மிச்சத்துக்கு அவசரமும் நம் ஊர்ப் புழுக்கமும் காரணம். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்கு அறை வெப்பம் என்றால் 20 பாகை. நமக்கு மத்தியானம் 33 பாகை, காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதே அளவு, அதே பொருள், ஆனால் இங்கே வேறு மாதிரிதான் நடந்துகொள்ளும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வீட்டுப் பின்னால் ஒட்டுப்பால் மூட்டை கிடக்கும். அந்த வாடை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்கு விளக்க முடியாது. இப்போது அந்த நிரைகளில் செம்பனை நிற்கிறது. ஆனால் அந்த நாற்றத்தில் பழகிய மூக்கு என்பதாலோ என்னவோ, ஒரு பாட்டிலில் எது கெட்டது என்பது எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. பாட்டில் கெட்டுவிட்டது என்று தெரிந்தவுடன் எல்லோரும் செய்வது, இன்னும் எதையாவது ஊற்றுவது. அதைச் செய்யாதீர்கள். ஐந்து மில்லி மட்டும் தனியாக எடுத்துச் சோதியுங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள். ஊற்றியதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

"மோரு மாதிரி ஆயிருச்சு"

பாட்டில் கலங்குவதற்கு மூன்று காரணம் உண்டு. பார்வைக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், ஆனால் வைத்தியம் வேறு வேறு. அதனால் முதலில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து மில்லியைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, 96 விழுக்காட்டு எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

சொட்டு விழ விழ மேகம் விலகி, ஒரு கட்டத்தில் சட்டென்று தெளிந்துவிட்டதா? அப்படியானால் குற்றவாளி தண்ணீர். வாசனை எண்ணெய் நல்ல வீரியமுள்ள சாராயத்தில் கரைந்து கிடக்கும். தண்ணீர் சேரச் சேர அதற்கு அங்கே இருக்கப் பிடிக்காது, பொடிப்பொடித் துளியாக வெளியே வந்துவிடும். வாளித் தண்ணீரில் டெட்டால் ஊற்றினால் வெள்ளை வெளேரென்று ஆகுமே, அதே கதைதான்.

தண்ணீரை யாரும் வேண்டுமென்று ஊற்றுவதில்லை. அது வேறு பெயரில் வரும். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த முதல் பாட்டில் அப்படித்தான். "என்னத்தக்கா ஊத்துனீங்க?" என்றேன். "கோவிட் சமயத்துல வாங்குன சானிட்டைசர் பாதி போத்தல் கெடந்துச்சு, அதுவும் ஆல்கஹால்தானே?" என்றார். ஆல்கஹால்தான். ஆனால் கைக்குப் பூசும் திரவத்தில் 70, 75 விழுக்காடுதான் சாராயம், மிச்சம் பெரும்பகுதி தண்ணீர். உலகச் சுகாதார நிறுவனம் அப்போது சொல்லிக் கொடுத்த செய்முறையில்கூட எத்தனால் 80 விழுக்காடு, கிளிசரால் 1.45, ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125. கிருமியைக் கொல்வதற்கு அந்தத் தண்ணீர் தேவை. நமக்கு அது எதிரி. பெராக்சைடு இன்னும் மோசம், மணப்பொருளையே மெல்லத் தின்றுவிடும்.

பன்னீர் அடுத்த வழி. ரோஜா மணம் வேண்டுமென்று இரண்டு மூடி ஊற்றுவார்கள். அது முழுக்கத் தண்ணீர். மூன்றாவது, மளிகைக் கடை வெண்ணிலா எசன்ஸ், பாண்டான் எசன்ஸ். கேக்குக்காகச் செய்தது அது. தண்ணீர், சாயம், சில சமயம் சர்க்கரை. பாண்டான் எசன்ஸ் போட்ட சென்ட்டை வெள்ளைச் சட்டையில் அடித்துக்கொண்டு கோயிலுக்குப் போன ஒரு தம்பியை எனக்குத் தெரியும். பச்சைப் புள்ளி துவைத்தும் போகவில்லை.

நான்காவது வழி நம் ஊருக்கே உரியது. ஐஸ்பெட்டியில் வைத்த பாட்டிலை எடுத்த கையோடு திறப்பது. குளிர்ந்த கண்ணாடியைக் கண்டதும் காற்றில் உள்ள ஈரம் வியர்வையாகப் படியும், வெளியே மட்டுமல்ல, திறந்திருந்தால் உள்ளேயும். அரை மணி நேரம் மேசையில் வைத்து, வியர்வை காய்ந்த பிறகு திறங்கள்.

தண்ணீர்தான் என்று உறுதியானால், மொத்தப் பாட்டிலுக்கும் 96 விழுக்காட்டு எத்தனால் சேர்த்துத் தெளிய வைக்கலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். 30 கிராம் பாட்டிலில் 15 விழுக்காடு மணக்கலவை என்றால் 4.5 கிராம். அதில் இன்னொரு 30 கிராம் சாராயம் சேர்த்தால் 7.5 விழுக்காடாக இறங்கிவிடும். ஓ டி பர்ஃப்யூமாக (கனமான வகை) நினைத்துக் கலந்தது ஓ டி டாய்லெட்டாக (லேசான வகை) மாறும். கெட்டதில்லை, குளித்துவிட்டுத் தாராளமாக அடித்துக்கொள்ளலாம்.

சாராயம் விட்டும் தெளியவில்லை, நேரம் போகப் போக அடியில் பஞ்சு போலப் படிகிறது என்றால் அது மெழுகு அல்லது பிசின். மல்லிகை, ரோஜா அப்சொலூட்டுகளிலும் (பூவிலிருந்து கரைத்தெடுத்த செறிவான மணச்சாறு) சாம்பிராணிச் சாறிலும் இது சகஜம். பாட்டிலை இறுக மூடி இரண்டு நாள் உறைபெட்டியில் வையுங்கள். சாராயம் உறையாது, மெழுகு திரண்டு நிற்கும். குளிர்ச்சியாக இருக்கும்போதே காப்பி வடிதாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டு வடிகட்டுங்கள். சூடு ஏறவிட்டால் மெழுகு மறுபடி கரைந்து தாளைத் தாண்டிப் போய்விடும். திறந்தால் ஈரம் உள்ளே போகுமே என்று கேட்பீர்கள், உண்மைதான். அதனால் புனலின் மேல் ஒரு தட்டை மூடி, காத்தாடியை நிறுத்தி, சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, கலங்கல் அடங்கி இரண்டு அடுக்காக நிற்பது. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ பாதாம் எண்ணெயோ உள்ளே போயிருக்கிறது. இவை சாராயத்தில் கரையா. எண்ணெய் சாராயத்தைவிடக் கனம், அதனால் கீழே நிற்பதுதான் எண்ணெய். விளக்கெண்ணெய் மட்டும் விதிவிலக்கு, அது எத்தனாலில் கரையும். குலுக்கிக் குலுக்கி அடிப்பதில் பயனில்லை. ஒரு ராத்திரி அசையாமல் வைத்து மேலே உள்ளதைத் துளிக்குழாயால் எடுத்துவிடுங்கள், கீழே உள்ளதை உடம்புக்கு எண்ணெயாகப் பூசுங்கள். அடுத்த தடவை சாராயமா எண்ணெயா என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மலாய்க்கார அண்டைவீட்டாருக்குக் கொடுப்பதாக இருந்தால் நான் எண்ணெயில்தான் கலப்பேன். அவர்களில் பலர் சாராயம் இல்லாத அத்தரைத்தான் விரும்புவார்கள், தொழுகைக்குப் போகும்போது பூசிக்கொள்ள.

அடித்தவுடன் மருந்தக வாடை மூக்கில் ஏறுகிறது

எந்தச் சாராயம் என்று முதலில் பாருங்கள். மருந்தகத்தில் காயம் துடைக்க விற்பது பெரும்பாலும் ஐசோபுரோப்பைல். அதற்கு அதன் சொந்த வாடை உண்டு, எவ்வளவு நாள் வைத்தாலும் முழுசாகப் போகாது. அந்தப் பாட்டிலை மீட்க முடியாது.

ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் சாமானோடு விற்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றியிருந்தால், யோசிக்கவே வேண்டாம், உடம்பில் படாமல் அப்புறப்படுத்துங்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் கள்ளச் சாராயம் குடித்துப் பல பேர் இறந்தார்களே, அந்த விஷம் இதுதான். குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகக்கூடியது. வாங்க வேண்டியது, வாசனைத் திரவியத்துக்கென்றே விற்கும் எத்தனால். குடிக்க முடியாதபடி கசப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள். எஸ்டிஏ 40-பி என்று லேபிளில் இருந்தால் அந்த வகை. மணத்தில் குறுக்கிடாது.

சாராயம் சரியானதுதான் என்றால் உங்கள் பிரச்சினை நாள்காட்டி. கலந்த அன்று எந்த சென்ட்டும் பச்சைச் சாராயமாகத்தான் இருக்கும். இரண்டு வாரமாவது இருட்டு அலமாரியில் கிடக்கட்டும், நான்கு வாரம் என்றால் இன்னும் நல்லது. அதற்குள் மணங்கள் ஒன்றோடொன்று இணங்கிவிடும், முனை மழுங்கும். எனக்கும் பொறுமை கிடையாது. அதனால் பாட்டிலில் தேதி ஒட்டி, துணி அலமாரியின் மேல்தட்டில், நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் வைத்துவிடுவேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போகக் கூடாது. எத்தனாலின் ஆவி தீப்பற்ற 13 முதல் 17 பாகை போதும். நம் வீடு ராத்திரியில்கூட அதைவிடச் சூடு. ஆகவே சாமி விளக்கு எரியும் அறையிலோ கொசுவத்தி புகையும் வராந்தாவிலோ கலக்காதீர்கள். காடியின் டாஷ்போர்டில் பாட்டிலை வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தவும் வேண்டாம்.

பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போய்ச் சேர்வதற்குள் மணம் போய்விடுகிறது

செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கொண்டுவந்தான். முகர்ந்தேன், அருமையாக இருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா. ஒரு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், அவன் மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை.

"எல்லாமே ஓடுறதாப் போட்டிருக்க தம்பி, உக்கார்றதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றேன்.

எலுமிச்சை வகைகள் லேசான மூலக்கூறுகள். குளிர் நாட்டிலேயே அரை மணி நேரம்தான் தாங்கும், நம் வெக்கையில் அதுவும் கிடையாது. பூ மணங்கள் சில மணி நேரம் நிற்கும். வெட்டிவேர், சந்தனம், பச்சோலி, சாம்பிராணி இவைதான் ராத்திரி வரை தங்குபவை. கூட வந்தவற்றையும் கொஞ்சம் பிடித்து நிறுத்துபவை. நான் வழக்கமாக மணக்கலவையில் கால்பங்குக்குக் குறையாமல் இந்தக் கனமான சரக்கைப் போடுவேன். தம்பியின் கலவைக்குச் செய்தது: அவனுடைய நான்கு கிராமுக்கு வெட்டிவேர் எண்ணெய் அரை கிராம், பச்சோலி 0.3, சாம்பிராணிச் சாறு ஒரு கிராம். மூன்று வாரம் கழித்து வந்து, "அக்கா, ஷிஃப்ட் முடியிற வரைக்கும் இருக்கு" என்றான்.

சாம்பிராணிச் சாறு வீட்டில் செய்வது சுலபம். பூஜை சாமான் கடையில் கட்டிச் சாம்பிராணி வாங்குங்கள், மலாயில் கெமெஞான். கம்ப்யூட்டர் சாம்பிராணி வேண்டாம், அதில் கரித்தூள் இருக்கிறது. இடித்துத் தூளாக்கி, ஒரு பங்குக்கு நான்கு பங்கு 96 விழுக்காட்டு எத்தனால் ஊற்றி, ஒரு வாரம் தினமும் குலுக்கி வடிகட்ட வேண்டும். வெண்ணிலா சாயலில் ஒரு தித்திப்பு வரும். நல்ல சாம்பிராணி பெரும்பகுதி கரைந்துவிடும். பாதிக்கு மேல் கரையாமல் கல்லாக நின்றால் கடைக்காரர் கொடுத்தது வேறு பிசின்.

பச்சோலி நம்மூர்ச் செடிதான், மலாயில் நிலாம் என்பார்கள். பச்சோலி என்ற பெயர் தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே எழுதிவைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் இந்தியச் சால்வைகளுக்கு நடுவில் பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையைக் காயவைத்து அடுக்கி ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். சால்வையோடு வாசனையும் போய்ச் சேர்ந்தது.

காஹாரு, அதாவது அகில் எண்ணெய் போட்டால் நிற்குமே என்று கேட்பவர்களுக்கு: நிற்கும். அகில் மரத்தின் அறிவியல் பெயரிலேயே மலாக்கா இருக்கிறது, அக்விலேரியா மலாக்கென்சிஸ். ஆனால் பத்து வெள்ளிக்குச் சின்னக் குப்பியில் கிடைப்பது காஹாரு இல்லை.

தோல் காய்ந்திருந்தாலும் மணம் நிற்காது. மணிக்கட்டில் துளி வாசலின் தடவிவிட்டு அதன்மேல் அடித்துப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று தூக்கலாக அடிக்கிறது

கிராம்பு எண்ணெய்தான் பெரும்பாலும். அடுத்து கெனாங்காப் பூ எண்ணெய், பச்சோலி. கலவையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுக்க முடியாது. அதை அடக்க வேறொன்றை அதிகம் போட்டால் அப்புறம் அதுவும் தூக்கும், கடைசியில் எல்லாம் சேர்ந்து சேறு மாதிரி ஒரே பழுப்பு வாடையாகிவிடும். சேறாகிப்போன பாட்டில்களின் கதை எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஒரே வழி, அந்தப் பொருள் இல்லாமல் மிச்ச எல்லாவற்றையும் மறுபடி கலந்து அதில் இதைச் சேர்ப்பது. பத்து கிராம் கலவையில் கிராம்பு 0.1 கிராம் போட வேண்டிய இடத்தில் 0.4 விழுந்துவிட்டது என்றால், மொத்தத்தை 40 கிராமுக்குக் கொண்டுபோக வேண்டும். 30 கிராம் புதிதாகச் செய்ய வேண்டும். செலவு! அதனால்தான் முதல் சோதனைக்கு ஐந்து கிராமுக்கு மேல் நான் கலப்பதே இல்லை.

இது சொட்டு எண்ணியதால் வரும் வியாதி. வெட்டிவேர் எண்ணெய் தேன் மாதிரி இறங்கும், எலுமிச்சை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு சொட்டும் இன்னொரு சொட்டும் ஒரே எடை இல்லை, ஒரே எண்ணெயே வேறு துளிக்குழாயில் வேறு எடை. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். நிறுக்கும்போது காத்தாடியை நிறுத்த மறக்காதீர்கள். எனக்கு முதல் ஒரு மாதம் எந்த அளவும் சரியாக வரவில்லை. தராசு கெட்டுவிட்டது என்று விற்றவரிடம் சண்டை வேறு போட்டேன். தலைக்கு மேல் காத்தாடி மூன்றாம் எண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது.

கிராம்பு, பட்டை, கெனாங்கா போன்ற முரட்டுச் சரக்கை நேராகப் போடாமல், ஒரு கிராமுக்கு ஒன்பது கிராம் எத்தனால் சேர்த்துப் பத்து விழுக்காட்டுக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். கை தவறினாலும் பத்தில் ஒரு பங்குதான் தவறும்.

மல்லிகை போட்டேன், வைக்கோல் வாடை வருகிறது

இதைக் கேட்காத ஆள் இல்லை. தைப்பூசம் முடிந்த வாரம் இந்தப் புகார் இரட்டிப்பாகும், வீட்டில் பூ மிஞ்சிக் கிடக்குமே.

மல்லிகை மொட்டு ராத்திரியில்தான் மலர்கிறது. பறித்த பிறகும் உயிரோடு இருக்கும்வரை மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சாராயத்தில் போட்ட நொடியே பூ செத்துவிடும், மணம் அதோடு நின்றுவிடும். அப்புறம் சாராயம் எடுப்பது பூவுக்குள் இருக்கும் பச்சைச் சாற்றையும் தண்ணீரையும்தான். பூவில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் உங்கள் 96 விழுக்காடு எங்கோ இறங்கிவிடும், கொஞ்ச நாளில் கலங்கவும் செய்யும். கடையில் வாங்கிய சரம் என்றால் வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீர் வேறு. அடுப்பில் வைத்துக் காய்ச்சுவது இன்னும் மோசம், வெந்த கீரை வாடை வரும்.

பூவைச் சாகவிடாமல் மணத்தை வாங்க வேண்டும். பிரான்ஸில் கிராஸ் என்ற ஊரில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பி இதைத்தான் செய்தார்கள். நம் ஆட்கள் எள்ளுக்கும் பூவுக்கும் அடுக்கு மாற்றி மாற்றிப் போட்டு, எள் மணத்தைக் குடித்த பிறகு செக்கிலிட்டு ஆட்டினார்கள். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே.

வீட்டில் தேங்காய் எண்ணெயில் செய்யலாமா என்றால், நம் வெப்பத்தில் அது உருகி ஓடும், பூ மூழ்கிவிடும். நான் பயன்படுத்துவது பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும் வாசனையில்லாத செம்பனைக் கொழுப்பு, ஷார்ட்டனிங். 30 பாகையிலும் கெட்டியாக நிற்கும். சமையல் தட்டில் அரை விரல் கனத்துக்குப் பூசி, கரண்டியால் கோடு கோடாகக் கீறிவிடுங்கள். சாயங்காலம் மலரப் போகும் மொட்டுகளை, ஈரம் துளியும் இல்லாமல், காம்பு நீக்கி, தலைகீழாக நட்டு இன்னொரு தட்டால் மூடுங்கள். மறுநாள் சாயங்காலம் வாடியதை எடுத்துவிட்டுப் புதியது. பழுப்பேறிய ஓர் இதழ்கூட விடக் கூடாது, அங்கிருந்துதான் பூஞ்சணம் ஆரம்பிக்கும். குறைந்தது பத்து நாள், பொறுமை இருந்தால் இருபது. பிறகு அந்தக் கொழுப்பைச் சுரண்டி எடுத்துச் சம அளவு எத்தனாலில் ஒரு வாரம் குலுக்கி, உறைபெட்டியில் வைத்து, மேலே சொன்னபடி வடிகட்டினால் கிடைப்பது மல்லிகைச் சாறு. மெல்லிசாகத்தான் இருக்கும். ஆயிரம் கிலோ பூவிலிருந்து ஒன்றிரண்டு கிலோ அப்சொலூட்தான் கிடைக்கிறது என்பதை நினைத்தால் நம் இருநூறு கிராம் பூவின் மேல் கோபம் வராது.

பாண்டான் இலையிலும் இதே ஏமாற்றம். அதன் மணப்பொருள் பாசுமதி அரிசியில் இருப்பதுதான், நிலையில்லாதது. சாராயத்தில் ஊறவைத்தால் பச்சை நிறமும் புல் வாடையும் தங்கும், பாண்டான் போய்விடும். தாழம்பூ அதே இனம்தான், ஆனால் அதன் மணப்பொருள் வேறு. அது சென்ட்டில் நன்றாகவே நிற்கும்.

நிறம் மாறிவிட்டது

வெண்ணிலா போட்டிருந்தால் பழுப்பாகும், பயப்பட வேண்டாம். மல்லிகையும் வெண்ணிலாவும் சேர்ந்தால் இன்னும் கருஞ்சிவப்பாக இறங்கும், மணம் கெட்டதென்று அர்த்தமில்லை. வெள்ளைத் துணியில் மட்டும் அடிக்காதீர்கள். நிறத்தோடு பழைய பெயிண்ட் மாதிரி ஒரு காரல் வந்திருந்தால் அது வேறு விஷயம், எலுமிச்சை வகை எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டிருக்கிறது. அதைத் தோலில் போடக் கூடாது.

தோல் எரிகிறது, கறுத்துவிட்டது

இதில் மட்டும் நான் தமாஷ் பேச மாட்டேன். தோலில் போட்டதும் அரிப்பும் சிவப்பும் என்றால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அந்தப் பாட்டிலை நிறுத்திவிடுங்கள். பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய், கெட்டுப்போன எலுமிச்சை எண்ணெய் இவை வழக்கமான ஆட்கள். ஒருமுறை ஒவ்வாமை ஒட்டிக்கொண்டால் அடுத்த தடவை துளி பட்டாலும் வரும். புதிதாகக் கலந்த எதையும் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து 48 மணி நேரம் பார்த்த பிறகே அடிக்கவேண்டும்.

அடித்தபோது ஒன்றுமில்லை, வெயிலில் போய்வந்து ஒன்றிரண்டு நாளில் கொப்புளமோ கறுப்புத் திட்டோ வந்தால் அது வேறு. பழத்தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயிலும், பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயிலும் வெயில் பட்டால் தோலைச் சுடும் பொருள் இருக்கிறது. அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம். சர்வதேச வாசனைப்பொருள் சங்கமான இஃப்ராவின் வரம்பு, தோலில் தங்கும் பொருளில் பெர்கமோட் 0.4 விழுக்காடு, பிழிந்த பச்சை எலுமிச்சை (லைம்) எண்ணெய் 0.7. 30 கிராம் பாட்டிலுக்கு முறையே 0.12 கிராமும் 0.21 கிராமும். சொட்டுக் கணக்கில் சில சொட்டு, அவ்வளவுதான். ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். காலை ஏழு மணிக்கே வெயிலில் நிற்கும் வேலை என்றால் சட்டையில் அடித்துக்கொள்வது மேல். கொப்புளம் வந்தால் கிளினிக்குக்குப் போங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

துளிக்குழாயின் ரப்பர் ஊதி, பிசுபிசுவென்று ஆகிவிட்டதா? எலுமிச்சை வகை எண்ணெயின் வேலை. ரப்பர் ஊரில் இருந்துகொண்டு இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று குப்பி வீணானது. எண்ணெயைச் சாதாரண மூடி போட்ட கண்ணாடியில் வையுங்கள், துளிக்குழாயை எடுக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கப்பில் நிறுக்கவும் வேண்டாம், பாலிஸ்டைரீனை அது கரைத்தே விடும்.

தெளிப்பான் அடைத்துக்கொண்டால் பிசின்தான். கழற்றி வெறும் எத்தனாலில் ஒரு ராத்திரி ஊறவிட்டு நாலு தடவை அழுத்துங்கள்.

எண்ணெயில் கலந்த அத்தர் சிக்கு வாடை அடித்தால் தூக்கி எறியுங்கள். அதற்கு மருந்தில்லை.

கலந்தவருக்கே மணக்கவில்லை, வீட்டில் மற்றவர்களுக்கு மணக்கிறது என்றால் மூக்கு களைத்துவிட்டது. காப்பிக்கொட்டையை முகர்ந்தால் சரியாகும் என்பார்கள். 2011ஆம் ஆண்டு வெளியான ஒரு சோதனையில் காப்பிக்கொட்டையும் எலுமிச்சைத் துண்டும் வெறுங்காற்றும் ஒரே பலன்தான் தந்தன. வெளியே போய் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். சில கஸ்தூரி வகைகள் சிலருக்கு எப்போதுமே மணக்காது, அது மூக்கின் பிறவிக் குணம்.

நன்றாக வந்துவிட்டது, பாசார் மாலாமில் போட்டு விற்கலாமா என்றும் கேட்கிறார்கள். இந்த நாட்டில் சென்ட்டும் அழகுசாதனக் கணக்கில்தான் வருகிறது, விற்பதற்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவிடம் அறிவிப்புப் பதிவு வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு குப்பி கொடுப்பது வேறு, விற்பது வேறு.

எதற்கும் ஒத்துவராத பாட்டில்களைக் கழிவுநீரில் கொட்டாதீர்கள். மெத்தனால் சந்தேகம் இல்லாதவற்றை நான் வாயகன்ற ஜாடியில் ஊற்றி, நாலு பிரம்புக் குச்சியைச் செருகி, செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிடுகிறேன். கிராம்பு தூக்கலாகப் போன ஒரு பாட்டில் இப்போது அங்கேதான் இருக்கிறது. மகனின் பந்தாட்டச் சப்பாத்துக்கு அது போதவில்லை.